தம்பி வைத்த ஸ்டேட்டஸும் தம்பி வாங்கிய பணமும்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 24 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்களே, அதற்குப் பிறகு நடந்த போராட்டத்துக்குப் போனவர், அப்படியே கூட்டம், வாசிப்பு வட்டம் என்று ஆகிவிட்டார். சென்ற மே 18 அன்று காசிமேட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினார். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் பிரபாகரன் படத்தை ஸ்டேட்டஸாக வைத்தார். ஒரு வாரம் கழித்து முகநூலில், தீவிரவாதத் தடுப்பு என்ற பெயரில் கேள்வி கேட்பவர்களையெல்லாம் உள்ளே தள்ளுகிறார்கள், உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்று எழுதினார்.

ஜூனில் ஒரு நாள் காலை மஃப்டியில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தமிழகப் போலீசின் உளவு பார்க்கும் க்யூ பிரிவு என்று சொன்னார்களாம். தம்பி ஷிஃப்டுக்குப் போயிருந்தார். 63 வயது அம்மாவிடம் யார் யார் வீட்டுக்கு வருகிறார்கள் என்று விசாரித்து டைரியில் எழுதிக்கொண்டு, ரேஷன் கார்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து போன்: சனிக்கிழமை தம்பியும் அம்மாவும் வர வேண்டும், தம்பி போனையும் எடுத்து வர வேண்டும், “இனி இந்த மாதிரி கூட்டத்தில் பேச மாட்டேன்” என்று எழுதிக் கொடுத்தால் அதோடு முடிந்துவிடும்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தம்பி அட்மினாக இருக்கும் குழுவில், ஈழத்தில் காலிழந்த முன்னாள் போராளிகளின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க என்று அவரே க்யூஆர் கோடு போட்டு 11,350 ரூபாய் சேர்த்தாராம். “அது நல்ல காரியம்தானே சார்” என்று முடித்திருக்கிறார்.

அவர் கேட்பது: போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா? கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாமா? சிங்கப்பூர் வேலைக்காக விண்ணப்பித்த பாஸ்போர்ட் என்ன ஆகும்? தம்பியை இந்தக் கூட்டங்களிலிருந்து எப்படி நிறுத்துவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தை வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரி 14 அன்று உங்கள் வட்டாரத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்தவர்கள்மேல் நடந்த தடியடியை அம்மா வாசலில் நின்று பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போய் பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19-வது பிரிவைப் படித்துக் காட்டினால் எடுபடாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் ஒன்று, ஆபத்து இருக்கிற இடம் வேறொன்று. முகநூல் பதிவுக்காக மூன்று பக்கம் கலங்கியிருக்கிறீர்கள். வசூலை ஒன்றிரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது.

பேச்சு எதுவரை பேச்சு

முகநூல் பதிவை முதலில் தள்ளி வைத்துவிடலாம். ஒரு சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று சொல்வது குற்றமென்றால் பாதி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்துக்குப் போக முடியாது. அரசை எவ்வளவு கடுமையாகத் திட்டினாலும், வன்முறைக்குத் தூண்டாதவரை அது ராஜத்துரோகம் ஆகாது என்று கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. 2015-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது இன்னும் தெளிவாகப் பிரித்தது: ஒன்றைப் பற்றி விவாதிக்கலாம், அதை ஆதரித்து வாதாடலாம், அது தூண்டுதல் என்கிற கட்டத்தை எட்டும்போதுதான் சட்டம் உள்ளே வரும். பழைய ராஜத்துரோகப் பிரிவை 2022-ல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதன் சாயலில் 152-வது பிரிவு வந்திருக்கிறது. அது பழையதைவிடக் கடுமையானது என்பது என் கருத்து. ஆனாலும் அரசின் நடவடிக்கையைச் சட்டப்படி மாற்றக் கோரும் கண்டனம் குற்றமாகாது என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. 2025 மார்ச்சில் ஒரு கவிதைக்காகக் குஜராத்தில் ஒரு எம்.பி. மேல் போட்ட எஃப்ஐஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து சம்பந்தமான புகாரில், தண்டனை மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்குள் இருந்தால், எஃப்ஐஆருக்கு முன்னால் பூர்வாங்க விசாரணை நடத்துவதே முறை என்றும் சொன்னது.

ஸ்டேட்டஸ் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. விடுதலைப் புலிகள் இயக்கம் இந்தியாவில் 1992-லிருந்து தடைசெய்யப்பட்டது. 2024 மே மாதம் தடையை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறார்கள். ஆக, தம்பி தொட்டிருப்பது உபா சட்டத்தின் பட்டியலில் இருக்கிற ஒரு பெயரை. அதற்காகப் படம் வைத்ததே குற்றம் என்று ஆகிவிடாது. உபா 39-வது பிரிவு, தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் செயல்பாட்டை வளர்க்கும் நோக்கத்தோடு ஆதரவு தருவதைத்தான் தண்டிக்கிறது. நோக்கம் என்கிற அந்தச் சொல்லில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 2002 ஜூலையில், திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசிய பேச்சுக்காக வைகோவை அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைது செய்தார்கள். வெறும் வாய்ச்சொல் ஆதரவோ அனுதாபமோ பொடா குற்றமாகாது, பயங்கரவாதச் செயலுக்கு உதவும் எண்ணம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் சொன்னது. 2004-ல் அந்தச் சட்டமே போய்விட்டது. இதையெல்லாம் தம்பி மேடையில் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், தீர்ப்பில் இந்த நல்ல வரி இருந்தும் வைகோ வேலூர் சிறையில் சுமார் 19 மாதம் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்தச் சட்டங்களில் தண்டனை கடைசியில் வருவதில்லை, வழக்கு நடக்கும் காலமே தண்டனையாகிவிடுகிறது. 2016 முதல் 2019 வரை நாடு முழுக்க உபாவில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டிக்கப்பட்டவர்கள் 132 பேர் என்று மத்திய அரசே 2021-ல் மாநிலங்களவையில் சொல்லியிருக்கிறது.

ஆகவே ஸ்டேட்டஸில் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்பது முக்கியம். நினைவஞ்சலி என்றால் ஒன்று, மறுபடி படை திரட்டுவோம் என்றால் வேறு. நீங்கள் அதை எழுதவில்லை. மண்டபத்தில் பேசியதற்கு வீடியோ இருந்தால் அதன் முழுப் பிரதியும் வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சில் இருபது விநாடியை மட்டும் வெட்டிக் காட்டினால் எந்தப் பேச்சும் வேறு மாதிரி கேட்கும்.

தம்பி சொல்வதில் ஒன்று காலாவதியானது. தடைசெய்யப்பட்ட இயக்கத்தில் வெறும் உறுப்பினராக இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011-ல். 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது தவறான தீர்ப்பு என்று மாற்றிவிட்டது. இன்றைக்கு வெறும் உறுப்பினர் பதவியே குற்றம். உங்கள் தம்பி எதிலும் உறுப்பினர் கிடையாது, சரி. ஆனால் நண்பர்களிடம் வீறாப்பாக “நான் புலிதான்டா” என்று எழுதும் பழக்கம் இந்த வயதில் இருக்கும். அதை இன்றோடு விடச் சொல்லுங்கள். பிற்பாடு அந்த வரியைக் கோர்ட்டில் வாசிக்கும்போது அதன் கிண்டல் யாருக்கும் கேட்காது.

11,350 ரூபாய்

இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்காகப் பணம் கேட்பது, வாங்குவது, கொடுப்பது மூன்றையும் உபா 40-வது பிரிவு குற்றமாக்குகிறது. அதிகபட்சம் 14 ஆண்டு. தொகை சின்னதா பெரிதா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. இயக்கத்தின் செயல்பாட்டை வளர்க்கும் நோக்கம் இங்கேயும் தேவைதான், குழந்தைகளுக்கு நோட்டு வாங்குவது அந்த நோக்கம் இல்லைதான். ஆனால் குழுவில் போட்ட படத்தில் புலிச் சின்னம் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பணம் தம்பியின் சொந்த வங்கிக் கணக்குக்கு ஜிபே வழியாக வந்திருக்கிறது. “தெரிந்த ஒரு அண்ணன்” மூலம் அந்தப் பக்கம் போயிருக்கிறது. ரசீது கிடையாது. புலிச் சின்னம், சொந்தக் கணக்கு, யாரென்று தெரியாத அண்ணன். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால், விசாரணை அதிகாரிக்கு அது நோட்டுப் புத்தகம் மாதிரி தெரியாது.

ஒருவேளை வந்தவர்கள் ஸ்டேட்டஸுக்காக வரவே இல்லையோ என்னவோ.

செய்ய வேண்டியது: வசூல் இன்றே நிற்க வேண்டும். குழுவில் “வசூல் முடிந்தது, இனி யாரும் அனுப்ப வேண்டாம்” என்று ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம். வங்கி ஸ்டேட்மென்ட், யார் யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பட்டியல், அந்த அண்ணனுக்குப் போனதற்கான பதிவு, நோட்டு வாங்கியதற்குப் படமோ பில்லோ இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். அந்த அண்ணனை அழைத்து “போலீஸ் வந்தால் இப்படிச் சொல்லு” என்று பேசவே கூடாது.

குழுவில் மற்றவர்கள் போட்டதற்கு அட்மின் பொறுப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி ஆகமாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது, நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021-ல் அதே போக்கில்தான் பேசியது. ஆனால் க்யூஆர் கோடைப் போட்டது அவரே. அதற்கு இந்தத் தீர்ப்புகள் துணைக்கு வராது.

அழிக்கலாமா என்றால், கூடாது. விசாரணை தொடங்கியது தெரிந்த பிறகு மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம், நியாய சன்ஹிதா 241-வது பிரிவு. ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாக மறைந்திருக்கும், ஆனால் யாரோ ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார். பணம் போன கணக்கு வங்கியில் இருக்கிறது. இவர் அழிப்பதால் மறைவது, இவருக்குச் சாதகமான உரையாடல்கள் மட்டும்தான்.

எந்தப் பிரிவு என்று கேளுங்கள்

உபா என்றாலே ஜாமீன் கிடையாது என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. சட்டவிரோத நடவடிக்கை என்ற 13-வது பிரிவு மட்டும் போட்டிருந்தால், தண்டனை அதிகபட்சம் ஏழு ஆண்டு, ஜாமீனைப் பூட்டும் 43டி(5) அதற்குப் பொருந்தாது. உறுப்பினர், ஆதரவு, பணம் பற்றிய 38, 39, 40 போட்டால் பொருந்தும். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நீதிபதிக்குத் தோன்றினாலே போதும், ஜாமீன் மறுக்கப்படும். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அந்தப் பூட்டைத் தாண்டி ஜாமீன் தரலாம் என்று 2021-ல் நஜீப் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அது உள்ளே பல காலம் இருந்த பிறகு கிடைக்கிற வழி.

முன்ஜாமீன் போட்டு வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். உபா வழக்கில் முன்ஜாமீனே கிடையாது, சட்டமே தடுக்கிறது. நியாய சன்ஹிதாப் பிரிவு மட்டும் இருந்தால் முடியும். இன்றைய நிலையில் வழக்கு பதிவாகியிருக்கிறதா என்பதே நமக்குத் தெரியாது. போலீஸ் இணையதளத்தில் தேடினேன், எஃப்ஐஆர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகை வழக்குகளின் எஃப்ஐஆரை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று விலக்கு இருக்கிறது. அங்கே இல்லை என்பதால் வழக்கு இல்லை என்று எண்ண வேண்டாம்.

விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கும் குண்டர் சட்டம் பற்றியும் அம்மா கேட்டிருக்கிறார். 2017-ல் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன திருமுருகன் காந்திமேல் அதைப் போட்டார்கள், செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் ஏறக்குறைய நான்கு மாதம் அவர் புழல் சிறையில். உங்கள் தம்பிமேல் பழைய வழக்கு எதுவும் இல்லை என்பதால் அந்த ஆபத்து குறைவு என்றே நினைக்கிறேன்.

சனிக்கிழமை

போனில் கூப்பிட்டால் அது சம்மன் ஆகாது. சாட்சியாகக் கூப்பிட 179-வது பிரிவிலும், சந்தேகத்துக்குரியவராகக் கூப்பிட 35(3)-லும் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அம்மா பெண், அதோடு 60 வயதைக் கடந்தவர். சாட்சியாக அவரிடம் கேட்க வேண்டுமென்றால் அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும். அம்மா ஸ்டேஷனுக்குப் போகவே வேண்டாம்.

தம்பி போகாமல் இருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன். கூப்பிட்டார்கள், வரவில்லை, தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் ஸ்டேஷன் ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் நாலு வரிக் கடிதம்: இன்ன தேதியில் போனில் அழைத்தீர்கள், விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயார், எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டு நோட்டீஸ் தந்தால் வழக்கறிஞரோடு வருகிறேன். நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். சனிக்கிழமை வழக்கறிஞர் கூட வர முடிந்தால் நேரிலும் போகலாம், தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

போனைத் தானாக எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கைப்பற்றினால் என்ன மாடல், என்ன எண் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு கைப்பற்றுதல் பட்டியல் தர வேண்டும். அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-வது பிரிவு இப்போது சொல்கிறது. பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. அந்தக் கேள்வி வரும்போது வழக்கறிஞர் பக்கத்தில் இருப்பது நல்லது.

அப்புறம் அந்தக் கடிதம். எழுதிக் கொடுக்கவே கூடாது. உங்கள் பகுதியில் நன்னடத்தைக்குப் பிணை எழுதி வாங்கும் பழைய 107, 110 செக்யூரிட்டி கேஸ் போட்டுப் பழக்கப்பட்டதால், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் விட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அந்தப் பிணை முறைக்கும் நோட்டீஸ் உண்டு, நிர்வாக நடுவர் முன்னால்தான் நடக்க வேண்டும். ஸ்டேஷன் மேஜையில் வெள்ளைத்தாளில் எழுதுவது அது ஆகாது. “இனி ஆதரித்துப் பேச மாட்டேன்” என்றால் இதுவரை பேசினேன் என்று ஆகிறது. தடா, பொடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின் காலத்தில் உயர் போலீஸ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலமே சாட்சியமாகும். உபாவில் அப்படியில்லை, போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. செல்லாத ஒன்றை எதற்கு வலியப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்? விசாரணையில் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம், அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டம்.

கைது என்று வந்துவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உபா வழக்குகளுக்கும் இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லி, காரணம் எழுதித் தராத ஒரு கைதையே செல்லாது என்றது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எந்த நேரம் கூட்டிப் போனார்கள் என்று குறித்து வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

பாஸ்போர்ட்

எஃப்ஐஆர் இருந்தாலே பாஸ்போர்ட் கிடைக்காது என்பது சரியில்லை. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது சட்டம். வெறும் எஃப்ஐஆர் நிலுவை ஆகாது, குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஆகும். அப்போதும் நீதிமன்ற அனுமதி வாங்கிப் போக வழியுண்டு. போலீஸ் சரிபார்ப்பில் இழுத்தடிப்பார்கள் என்பது வேறு. விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள், பொய் சொன்னதே பிற்பாடு தனிக் காரணமாகிவிடும்.

தம்பியை எப்படி நிறுத்துவது என்று கேட்டீர்கள். அதற்கு என்னிடம் சட்ட ஆலோசனை இல்லை, நிறுத்த வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பெரம்பூர் மில் தொழிலாளர்கள் 1918-ல் சங்கம் வைத்த பக்கம் இது. அமோனியா கசிந்த ராத்திரிக்குப் பிறகு கேள்வி கேட்க யாரும் வந்திருக்காவிட்டால் நீங்களே வருத்தப்பட்டிருப்பீர்கள். கூட்டத்துக்குப் போகட்டும், பேசட்டும். பேசுவதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசட்டும், முழுவதையும் யாராவது பதிவு செய்யட்டும். திறந்த வெளிக் கூட்டமென்றால் ஏற்பாடு செய்பவர்கள் சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின்படி முன்கூட்டியே விண்ணப்பித்து, மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போகட்டும். பணம் மட்டும் அவர் கணக்கில் வர வேண்டாம். அகதிகளுக்கு உதவ ஆசைப்பட்டால் பதிவு பெற்ற அமைப்புக்குக் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்கட்டும்.

முதல் வேலை, அந்த வங்கி ஸ்டேட்மென்ட். மே, ஜூன் இரண்டு மாதத்துக்கும் நாளைக்கே எடுத்துவிடுங்கள். புலிச் சின்னம் போட்ட அந்தப் படத்தை வடிவமைத்தது யார் என்று தம்பியிடம் நீங்களே கேட்டு, பதிலை வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.